குமிழ் யார் கையில்?

ஆயா இறந்தபின் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு புடவைகளுக்கு அடியில் பழைய வானொலி உரிமப் புத்தகம் ஒன்று இருந்தது. ரேடியோ வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய உரிமம் அது. 1980களில் அந்த வழக்கமே ஒழிந்துவிட்டது. புத்தகத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது.

ரேடியோ கூடத்தில், தாத்தாவின் நாற்காலிக்கு மேலே பலகையில் இருந்தது. நண்பர்கள் வந்தால் திண்ணைச் சன்னலை நோக்கித் திருப்பி வைப்பார். கச்சேரி ரசித்தார்கள், ராகம் பற்றிச் சண்டை போட்டார்கள். ஆயாவுக்குக் காபி கொண்டுபோகும்போது ஒரு பல்லவி, டம்ளர் எடுக்க வரும்போது ஒரு சரணம். "இந்தா" என்று தாத்தா கூப்பிட்டால் அதுவும் பாதியில் போகும். வீட்டில் இசை கேட்டார்கள் என்று வரலாறு எழுதும்போது, உட்கார்ந்து கேட்டது யார் என்று கேட்க இந்தக் கூடம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ரேடியோவுக்கு முன்பே கிராமபோன் வந்துவிட்டது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவானார். தட்டு அச்சானது ஜெர்மனியில். யார் பாடியது என்று அங்கே தெரியவேண்டும் என்பதற்காகப் பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே சொன்னார். தமிழகத்திலும் தொடக்ககாலத் தட்டுகளில் பாடிய பெண்களில் பலர் தேவதாசி மரபினர். கணவன் பெயர் சொல்லி மனைவியை அழைக்காத வீடுகளுக்குள், தன் பெயரில் விற்கும் பெண்குரல் நுழைந்தது.

குரலுக்குத் திறந்த கதவு ஆளுக்குத் திறக்கவில்லை. "அவ பாட்டு நல்லாருக்கும், அவ வாசப்படி மிதிக்கக் கூடாது" என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. ஆனால் அந்தப் பெண்களின் வீடுகள்தான் இசை கேட்கும் ஒழுங்கை உருவாக்கியவை. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். பெரிய வித்வான்கள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் கூடத்தில் யார் எப்படிக் கேட்பது என்பதை ஒரு பெண் தீர்மானித்தார்.

பிறகு காலம் மாறியது. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தமும் அதற்காகப் போராடியதற்கு நியாயம் இருந்தது. சிறுமிகளைப் பொட்டுக் கட்டும் கொடுமை நிற்கவேண்டியதுதான். ஆனால் கொடுமையைச் செய்த சமூகம் தப்பித்துக்கொண்டது, பழி பாடியவர்கள் மேல் தங்கியது. 1940களின் நடுவில், ஒலிபரப்புத் துறை வல்லபபாய் படேலிடம் இருந்தபோது, தனிவாழ்க்கை ஒழுக்கக்கேடானது என்று கருதப்பட்டவர்களுக்கு அகில இந்திய வானொலியில் இடம் மறுக்கப்பட்டது. வட இந்தியத் தவாயிஃப் பாடகிகளுக்கு அது பெரிய அடி. மேடை 'குடும்பப் பெண்'களிடம் வந்தது.

அப்படியானால் குடும்பப் பெண்களுக்காவது இசை கிடைத்ததா? என் அம்மா பிறந்தது சிதம்பரத்தில். ஊரை ஒட்டியே அண்ணாமலை நகர். 1929இல் ராஜா அண்ணாமலை செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரி அங்கே இருக்கிறது. 1941இல் தமிழிசை இயக்கத்தின் தீர்மானங்கள் பிறந்ததும் அங்கேதான். பள்ளி முடித்ததும் அங்கே சேரவேண்டும் என்றார் அம்மா. "பாட்டு கத்துக்கட்டும், வீட்டோட கத்துக்கட்டும். கச்சேரியா பண்ணப் போறா?" என்றார்கள். அந்தப் பெண்களின் மேல் ஏற்றிய பழிதான், அடுத்த தலைமுறையில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் வேலியானது. ஒரு வருஷத்தில் கல்யாணம், கடலூருக்கு வந்துவிட்டார்.

தாத்தா கடைக்குக் கிளம்பிய பின் மத்தியானம் இரண்டு மணி நேரம் கூடம் காலியாக இருக்கும். பல ஆண்டுகளாக ஆயா அந்நேரம் தனியாகக் கேட்டு வந்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத சத்தத்தில். கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்ததும் ஊரே இலங்கை வானொலிக்குப் போயிற்று, ஆயாவும் போனார். முள் நகர்ந்தது தாத்தாவுக்குத் தெரியக்கூடாது என்பதால், முடித்ததும் திருச்சிக்கே திருப்பி வைத்துவிடுவார்.

மருமகள் வந்தபின் இரண்டு பேராயிற்று. முதல் நாள் அம்மா பயந்து சத்தத்தைக் குறைத்தபோது ஆயா சொன்னாராம்: "கூட்டி வை. இப்ப யாரு இருக்கா?" அம்மா பாட்டுகளைக் கேட்டுக்கேட்டு நோட்டில் எழுதினார். கல்லூரி தராததை ஓரளவு அந்த மத்தியானங்கள் தந்தன. ஓரளவுதான். கேட்பது சுதந்திரம் என்று சொல்லி, பாடமுடியாமல் போனதை நான் மறைக்கமாட்டேன்.

உரிமப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலில் எண்கள் இருந்தன: 1.30, 2, 2.15. அம்மாவிடம் காட்டினேன். "உங்க ஆயாவுக்கு எழுத்து தெரியாது, கடிகாரம் பாக்கத் தெரியும். நான் பிரசவத்துக்குச் சிதம்பரம் போறப்ப, எந்தப் பாட்டு எப்பன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனேன்" என்றார்.

முன்பக்கத்தில் தாத்தாவின் பெயர் மையில் இருக்கிறது. பின்பக்கத்துப் பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை.