உடல் எடைக் குறைப்பு ஆலோசனை: நேரில் பெறுவதா, தொலைபேசியில் பெறுவதா?

உடற்பருமன் உள்ள பெரியவர்களுக்கு மருத்துவர் முதலில் பரிந்துரைப்பது பெரும்பாலும் மருந்தோ அறுவை சிகிச்சையோ அன்று. உணவு, உடற்பயிற்சி, அன்றாடப் பழக்கங்கள் ஆகியவற்றை மாற்றிக்கொள்ள உதவும் தொடர் ஆலோசனையே. இது ஒரு நாளில் முடிவதில்லை. பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு வர ஒரு நாள் கூலியையோ விடுப்பையோ இழக்க நேர்வதால் இடையிலேயே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தொலைபேசியில் பேசுவதால் எடை குறையுமா என்ற ஐயமும் பலருக்கு இருக்கிறது. நீங்களும் அந்நிலையில் இருந்தால் இப்பக்கம் உங்களுக்கு உதவும்.

யாருக்கு உடற்பருமன் உள்ளது?

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறைப்படி இது 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடற்பருமன் ஆகும். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 77 கிலோ இருந்தால் இந்த அளவை எட்டுகிறார். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வரக்கூடும் என்பதால், இந்திய மருத்துவ வல்லுநர்கள் 25 என்ற அளவையே எல்லையாகக் கொள்கின்றனர். அதே உயரமுள்ளவருக்கு அது 64 கிலோ.

ஆய்வு கூறுவது என்ன?

அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு இக்கேள்வியை நேரடியாக ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 2011-ஆம் ஆண்டு வெளியாயின. உடற்பருமனுடன் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு மிகுதி ஆகியவற்றுள் ஒன்றேனும் உள்ள 415 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அவர்களின் சராசரி எடை ஏறத்தாழ 104 கிலோ. முதல் குழுவினர் பெரும்பாலும் தம் முயற்சியிலேயே விடப்பட்டனர். இரண்டாம் குழுவினருக்குத் தொலைபேசி, இணையதளம், மின்னஞ்சல் வழியாக மட்டும் ஆலோசனை வழங்கப்பட்டது. மூன்றாம் குழுவினருக்கு இவற்றுடன் நேரடிச் சந்திப்புகளும் குழுக் கூட்டங்களும் இருந்தன.

24 மாதங்களின் முடிவில் முதல் குழுவினர் சராசரியாக 0.8 கிலோ மட்டுமே குறைந்திருந்தனர். தொலைவழிக் குழுவினர் 4.6 கிலோவும், நேரடி ஆலோசனையும் பெற்றவர்கள் 5.1 கிலோவும் குறைந்திருந்தனர். பிந்தைய இரு குழுக்களுக்கும் இடையிலான அரை கிலோ வேறுபாடு, தற்செயலாகவும் நேரக்கூடிய அளவே. தொடக்க எடையில் 5 விழுக்காடேனும் குறைந்தவர்கள் முதல் குழுவில் 100-க்கு 19 பேர், இரண்டாவதில் 38 பேர், மூன்றாவதில் 41 பேர். 90 கிலோ எடையுள்ளவருக்கு 5 விழுக்காடு என்பது நான்கரை கிலோ. பார்வைக்குச் சிறிதாயினும், இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் சீரடைவதற்கு இதுவே பயன் தரும்.

இதை மிகையாகப் புரிந்துகொள்ள வேண்டாம். ஆலோசனை பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்த 5 விழுக்காட்டை எட்டவில்லை. மேலும், மூன்றாம் குழுவினரும் தொலைபேசியைப் பயன்படுத்தியவர்களே. நாள் செல்லச் செல்ல அவர்களும் நேரில் வருவதைக் குறைத்துக்கொண்டு தொலைபேசியையே மிகுதியாக நாடினர். ஆகவே, ஒழுங்காக நடைபெறும் தொலைவழி ஆலோசனையுடன் நேரடிச் சந்திப்பைச் சேர்த்ததால் கூடுதல் எடைக் குறைப்பு பெரிதாகக் கிடைக்கவில்லை என்பதே இந்த ஆய்விலிருந்து நாம் பெறும் செய்தி.

எது தொலைவழி ஆலோசனை?

கைப்பேசிக்கு வரும் உணவுப் பட்டியலும் காணொளியும் ஆலோசனை ஆகா. மேற்கண்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஆலோசகர் முதல் மூன்று மாதங்கள் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும் அழைத்துப் பேசினார். பங்கேற்றவர்கள் எடை, உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றை இணையதளத்தில் பதிவு செய்தனர். பதிவு செய்யத் தவறியவர்களுக்கு நினைவூட்டல் சென்றது. அவர்களுடைய வழக்கமான மருத்துவரும் முன்னேற்றத்தைப் பார்த்து ஊக்கப்படுத்தினார். உங்களுக்கு வழங்கப்படும் சேவையில் யார் அழைப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை அழைப்பார், நீங்கள் அழைப்பைத் தவறவிட்டால் மீண்டும் தொடர்பு கொள்வாரா, உங்கள் மருத்துவருக்குத் தகவல் செல்லுமா என்று சேருமுன் கேளுங்கள்.

இணையத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களே அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும் கைப்பேசிப் பழக்கமில்லாத முதியவர்களுக்கும் நேரடி ஆலோசனை எளிதாக இருக்கக்கூடும்.

எப்போது நேரில் செல்ல வேண்டும்?

எவ்வகை ஆலோசனையாயினும், தொடங்குமுன் ஒருமுறை மருத்துவரை நேரில் பார்ப்பது அவசியம். நீங்கள் இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவராயின், உணவைக் குறைக்கும்போது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். சுயநினைவுடன் விழுங்க இயன்றால் உடனே சர்க்கரை கரைத்த நீரைப் பருகிவிட்டு, மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். மருந்தின் அளவை நீங்களாகவே மாற்ற வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையும்போது எழுந்து நிற்கையில் தலைசுற்றல் ஏற்பட்டால், அதையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கருவுற்றிருப்பவர்கள் எடைக் குறைப்பு உணவுமுறையைத் தொடங்கக் கூடாது. அளவின்றி உண்டபின் வலிந்து வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களும், முயற்சி ஏதுமின்றி எடை குறைந்துவருபவர்களும் தொலைபேசி ஆலோசனையுடன் நின்றுவிடாமல் நேரில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நெஞ்சு வலியோ கடும் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், ஆலோசகரின் அழைப்புக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

எடை பார்க்கும் கருவி வீட்டில் இல்லையேல் தொலைவழி ஆலோசனைக்குப் பிடிமானம் இராது. வாரம் ஒருமுறையேனும் காலையில், உண்பதற்கு முன், ஒரே கருவியில் எடை பார்த்துக் குறித்துவைக்க உதவுங்கள். ஆலோசகர் அழைக்கும்போது அவருக்குப் பதிலாக நீங்கள் பேசுவதைத் தவிர்த்து, தனியே பேச இடமளியுங்கள். வீட்டில் சமைப்பவர் நீங்களாயின், உங்களையும் அழைப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு ஆலோசகரிடம் கேட்கலாம். எண்ணெய், அரிசியின் அளவு அடுக்களையில்தான் முடிவாகிறது.