எச்சம் நிரப்பிய திறைசேரி

பறவை பயிருக்குப் பகையா, நட்பா என்னும் வழக்கு உழவரிடையே என்றும் உண்டு. புழுவைப் பொறுக்கும்போது நட்பாகவும் கதிரைக் கொத்தும்போது பகையாகவும் அது தோன்றும். ஆயின், பறவைகள் ஓர் அரசின் திறைசேரியையே நிரப்பிய வரலாறு தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் நிகழ்ந்தது.

பெருவின் கரையோரமாகக் குளிர்ந்த நீரோட்டமொன்று வடக்கு நோக்கிச் செல்கின்றது. ஆழ்கடலின் சத்துக்கள் அங்கே மேலெழுவதால் நெத்தலியின மீன்கள் அளவின்றிப் பெருகும். அவற்றை உண்ணும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் அயலிலுள்ள பாறைத் தீவுகளிற் பெருந்திரளாய்க் கூடும். மழை அரிதாகலின் அவற்றின் எச்சம் கரைந்தோடாது அடுக்கடுக்காய் இறுகி, சிஞ்சாத் தீவுகளில் நூறடிக்கு மேலும் உயர்ந்து நின்றது. இதுவே குவானோ எனப்படும் பசளை.

இன்கா மன்னர் காலத்திலேயே மக்கள் இதன் பயனை அறிந்திருந்தனர். பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் அத்தீவுகளில் அடிவைப்போனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டதென, இன்கா மரபில் வந்த கார்சிலாசோ 1609இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். தண்டம் கொடிதுதான், எனினும் முட்டைக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பை அவ்வரசு நன்கு கணக்கிட்டிருந்தது.

ஜேர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1804இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது இதன் மாதிரியைக் கொண்டுசென்றார். அதில் நைதரசனும் பொசுபரசும் மிகுந்திருத்தல் ஆய்விற் புலனாயிற்று. 1840ஆம் ஆண்டையடுத்துக் கப்பல் கப்பலாக எச்சம் இங்கிலாந்துக்குச் சென்றது. நாற்பது ஆண்டுகளில் ஒரு கோடித் தொன்னுக்கு மேல் ஏற்றுமதியாயிற்று. பெரு அரசின் வருவாயிற் பெரும்பகுதி இதனின்றே வந்தது. 1854இல் அடிமை முறையை ஒழித்தபோது உடையவருக்கு இழப்பீடு கொடுக்கவும் இப்பணமே உதவிற்று. ஆனால், அதே தீவுகளிற் பசளை வெட்டியவருட் பலர் 1849 முதல் ஒப்பந்தத்தில் வந்த சீனத் தொழிலாளர். கண்ணையும் மூச்சையும் எரிக்கும் தூளினிடையே அவர்கள் பட்ட பாடு அடிமைகளின் பாட்டினும் குறைந்ததன்று. இக்கொடுமையை ஒதுக்கிவிட்டுக் குவானோவின் புகழை மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

எச்சத்தின்மீது வல்லரசுகளுக்கும் ஆசை பிறந்தது. உரிமையாளரற்ற குவானோத் தீவுகளைத் தன் குடிகள் கைப்பற்ற இடமளித்து அமெரிக்கா 1856இற் சட்டம் இயற்றியது. 1864இல் ஸ்பானியக் கடற்படை சிஞ்சாத் தீவுகளைப் பிடிக்க, அது போராய் மூண்டது. ஸ்பெயின் விலகியபோதும் பெருவுக்கு உய்வில்லை. பல நூற்றாண்டுச் சேமிப்பு வெட்டப்பட்டுத் தீர்ந்தது. குவானோவை நம்பி வாங்கிய கடனைச் செலுத்த இயலாது, 1876இல் அரசு கைவிரித்தது.

பின்னர் 1909இற் பெரு அரசு குவானோ நிறுவனமொன்றை அமைத்து, தீவுகளுக்குக் காவலரை நிறுத்தியது. முதலைத் தின்னாது வட்டியை மட்டும் எடுக்கும் முறை அது. பறவைகள் மீண்டும் பெருகின. ஆயினும் 1950களின் பிற்பகுதியிலிருந்து கோழித்தீனுக்கும் பன்றித்தீனுக்குமாக நெத்தலி மீன் பெருவாரியாகப் பிடிக்கப்பட்டது. வெப்பநீர் புகுந்த ஆண்டுகளில் மீன் அகன்றுவிட, பறவைகள் கூட்டங்கூட்டமாய்ப் பட்டினியால் மடிந்தன; 1965இன் அழிவிற்குப் பின் அவை பழைய தொகையை எட்டவேயில்லை. 2009இல் இத்தீவுகளும் முனைகளும் தேசிய ஒதுக்கிடமாக்கப்பட்டன. அங்கே பறவைகளைக் கலைக்காதிருத்தற்பொருட்டு, இன்றும் மண்வெட்டியும் பிக்கானும் கொண்டு கையாலேயே பசளை வெட்டப்படுகின்றது.