இரு திண்மங்களின் எல்லையிலே

நேயர்களே, பாலிலே நீரைக் கலந்தால் கிடைப்பது இரண்டுக்கும் நடுத்தரமான ஒன்றே. அவ்வாறாயின், மின்னைக் கடத்தும் திண்மத்தோடு கடத்தாத தூளைச் சேர்த்தால் கடத்துதிறன் குறைய வேண்டுமல்லவா? இந்த நியாயம் ஒருமுறை பொய்த்துப்போன வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

திண்மத்தினுள்ளும் அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், நகரக்கூடும் என்பது பழைய செய்தி. சூடேறிய ஈய புளோரைட்டு மின்னைக் கடத்துவதை மைக்கல் பரடே 1830களிலேயே கண்டார். 1914இல் ஜேர்மனியரான துபாண்டும் லோரென்சும் வெள்ளி அயடைட்டை ஆராய்ந்தனர். வெப்பநிலை 147 பாகை செல்சியசைத் தாண்டியதும் அதன் கடத்துதிறன் ஆயிரக்கணக்கான மடங்கு உயர்ந்தது. உருகாத உப்பு உருகிய உப்பைப் போல் நடந்துகொண்டது. ஆனால் அத்தனை சூட்டிலே இயங்கும் மின்கலத்தை யார் கையில் எடுப்பார்? ஒழுகும் திரவமின்றி, சாதாரண வெப்பநிலையிலே இயங்கும் கலமன்றோ வேண்டியிருந்தது!

1973இல் அமெரிக்காவிலே லியாங் என்பார், மந்தமான கடத்தியாகிய இலிதியம் அயடைட்டுடன் அலுமினியம் ஒட்சைட்டுத் தூளைக் கலந்தார். இத்தூள் முற்றான காவலி. ஆயினும் கலவையின் கடத்துதிறன் ஏறக்குறைய 50 மடங்கானது!

தூள் கடத்தவில்லை, அதன் அயலே கடத்தியது. ஒட்சைட்டின் மேற்பரப்பு அருகிலுள்ள இலிதியம் அயன்களைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அவை விட்டுப்போன இடங்கள் வெறுமையாகின்றன. நெருக்கமான வரிசையிலே சில இருக்கைகள் காலியானால் மற்றையோர் நகர்வது எளிதன்றோ? எல்லையை ஒட்டிய மெல்லிய படையிலே அயன்கள் அவ்வாறே விரைகின்றன. யோவாகிம் மையர் 1980களில் இதனைக் கணித முறையில் விளக்கினார். தூள் நுண்ணியதாகும்போது எல்லைப்பரப்பு பெருகும், பயனும் பெருகும். அளவு மீறிச் சேர்த்தாலோ தூளே வழியை அடைத்துவிடும்.

2000ஆம் ஆண்டில் மையரின் குழுவினர் கல்சியம் புளோரைட்டையும் பேரியம் புளோரைட்டையும் நனோமீற்றர் அளவிலான படைகளாக மாறிமாறி அடுக்கினர். எல்லைகள் நெருங்க நெருங்க, அவற்றின் வழியே ஓடும் அயனோட்டமும் மிகுந்தது. என் எண்ணத்தில், ஐயத்துக்கு இடம் வைக்காத சோதனை இதுவே.

2008இல் ஸ்பானிய ஆய்வாளர் சிலர், சேர்க்கோனியாவும் ஸ்ரொன்சியம் தைத்தனேற்றும் சேர்ந்த படைகளில் பத்துக் கோடி மடங்கு உயர்வு கண்டதாக அறிவித்தனர். உலகம் வியந்தது. ஆனால் அங்கே ஓடியவை அயன்களல்ல, தைத்தனேற்றிலுள்ள இலத்திரன்களே என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். மின்னோட்டத்தை அளந்தால் மட்டும் போதாது, அதைச் சுமப்பது எது என்பதையும் காட்டவேண்டும் என்றனர் அவர்கள்.