வர்த்தக விமானி உரிமம்: கட்டணம் செலுத்தும் முன் அறிய வேண்டியவை

புது தில்லி: இந்தியாவில் ஊதியம் பெற்று விமானம் இயக்க விரும்புவோர், டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் வழங்கும் வர்த்தக விமானி உரிமத்தைப் பெற்றிருக்க வேண்டும். இப்பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும் என்பதால், அதற்கான நிபந்தனைகளை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

கல்வி, வயது

விண்ணப்பதாரர் 18 வயது நிறைவடைந்தவராகவும், பிளஸ் 2 வகுப்பில் இயற்பியல், கணிதப் பாடங்களில் தேர்ச்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும். வேறு பாடப்பிரிவில் பயின்றவர்கள், தேசிய திறந்தநிலைப் பள்ளி வாயிலாக இவ்விரு பாடங்களையும் எழுதித் தேர்ச்சி பெறலாம்.

மருத்துவப் பரிசோதனை

முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும், பின்னர் முதல் வகுப்புச் சான்றும் பெற வேண்டும். பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், செவித்திறன், இதயச் செயல்பாடு உள்ளிட்டவை பரிசோதிக்கப்படும். முதல் வகுப்புச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. எனவே, பயிற்சிக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே இச்சான்றைப் பெறுவது பாதுகாப்பானது. கட்டணம் செலுத்திய பின் நிறக்குருடு போன்ற குறைபாடு தெரியவந்தால், பணமும் காலமும் வீணாகும்.

எழுத்துத் தேர்வுகள்

விமான விதிமுறைகள், வான்வழிச் செலுத்துமுறை, வானிலையியல், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் தேர்வுகள் நடத்தப்படுகின்றன. தேர்ச்சிக்கு 70 சதவீத மதிப்பெண் தேவை. கட்டுப்பாட்டு மையத்துடன் உரையாடுவதற்கான ரேடியோ தொலைபேசிச் சான்றும் கட்டாயமாகும்.

பறக்கும் பயிற்சி

குறைந்தபட்சம் 200 மணி நேரம் விமானம் இயக்கியிருக்க வேண்டும். இதில் 100 மணி நேரம் தலைமை விமானியாகப் பறந்திருப்பது அவசியம். வெளியூர்ப் பயணமாக 20 மணி நேரமும், கருவிகளை மட்டுமே கொண்டு 10 மணி நேரமும், இரவில் 5 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். வெளியூர்ப் பயணங்களில் ஒன்று, இரு வெவ்வேறு விமான நிலையங்களில் தரையிறங்கி, 300 கடல் மைல், அதாவது சுமார் 556 கி.மீ. தொலைவைக் கடந்ததாக இருக்க வேண்டும்.

மழைக்காலத்திலும், வட மாநிலங்களில் குளிர்காலப் பனிமூட்டத்தின்போதும் பயிற்சி தடைபடுவதால், திட்டமிட்டதைவிடக் காலம் நீள்வதுண்டு. வெளிநாட்டில் பயிற்சி பெற்று உரிமம் பெற்றவர்களும், இந்தியாவில் பணியாற்ற அதனை இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

உரிமத்துக்குப் பின்

உரிமம் பெற்றவுடன் பணி உறுதியாவதில்லை. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற விமானங்களை இயக்க, அந்தந்த வகைக்கான தனிப் பயிற்சியும் தகுதிச் சான்றும் தேவை. பெரும்பாலும் இது கூடுதல் செலவாகவே அமைகிறது. தொடக்கத்தில் துணை விமானியாகப் பணியாற்றுபவர், கேப்டன் நிலைக்கு உயர்வதற்குத் தேவையான அடுத்த உரிமத்தைப் பெற 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் கொண்டிருக்க வேண்டும்.

பயிற்சி நிறுவனத்தில் சேரும் முன், அது டிஜிசிஏ-வின் ஒப்புதல் பெற்றதா, எத்தனை விமானங்கள் இயக்க நிலையில் உள்ளன, 200 மணி நேரத்தை முடிக்க மாணவர்களுக்கு எவ்வளவு காலமாகிறது ஆகியவற்றை மாணவர்களும் பெற்றோரும் நேரில் விசாரித்து அறிவது நல்லது.