‘தம்பி’: மதராஸ் படைப்பொறியாளரிடையே ஓர் உறவுமுறைப் பெயரின் வரலாறு

உறவுமுறைப் பெயர்கள் குடும்ப எல்லையைக் கடந்து சமூக வழக்கில் பரவுவது தமிழில் புதிதன்று. முன்பின் அறியாத இளைஞனைத் ‘தம்பி’ என்றும், முதியவரை ‘ஐயா’, ‘பெரியவரே’ என்றும் அழைப்பது நாள்தோறும் கேட்கும் வழக்கே. ஆயின், இத்தகைய பெயரொன்று ஒரு படைப்பிரிவு முழுமைக்கும் பெயராகி, மொழி வேறுபாடு கடந்து, பணியிலிருப்போரையும் ஓய்வுபெற்றோரையும் ஒருசேரக் குறிக்கும் நிலையை அடைந்தது அரிதான செய்தி. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் படையினர், அதாவது ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ என வழங்கும் படைவீரர், இந்தியத் தரைப்படை எங்கும் ‘தம்பிகள்’ என்றே அறியப்படுகின்றனர். இப்பெயர் அவர்களுக்கு என்ன தந்தது, எதைத் தரவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். எந்தை, நுந்தை, தந்தை என்பன போல எம்பி, நும்பி, தம்பி என்பனவும் இடவேறுபாடு உணர்த்தும் பழைய சொற்கள். ‘தம்’, ‘பின்’ என்பவற்றின் சேர்க்கையாகத் தமக்குப் பின் பிறந்தவன் என்ற பொருளைத் தரும் சொல், பிற்காலத்தில் மூவிடத்திற்கும் பொதுவாயிற்று. தெலுங்கில் ‘தம்முடு’, கன்னடத்தில் ‘தம்ம’ என இதற்கு இனமான சொற்கள் உள்ளன. தென்மாநிலங்கள் அனைத்திலிருந்தும் ஆள் சேர்க்கும் ஒரு படையில் இச்சொல் எவர்க்கும் அயலாக ஒலிக்கவில்லை என்பது அது நிலைபெற்றதற்கு ஒரு காரணமாகலாம். ‘அண்ணன்’ என்னும் சொல் ஏன் அவ்விடத்தைப் பெறவில்லை என்ற வினாவைப் பின்னர் நோக்குவோம்.

இப்படை 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளைத் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. ஐதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் புகுந்த அவ்வாண்டில், கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இரண்டு ‘பயோனியர்’ கம்பெனிகளைத் திரட்டியது. பாதை வெட்டுதல், பாலம் அமைத்தல், கோட்டை முற்றுகைக்கு அகழி தோண்டுதல், பீரங்கிகள் செல்ல வழி செய்தல் ஆகியவை அவர்தம் பணி. 1831இல் ‘சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்ற பெயர் வந்தது. 1834இல் பெங்களூர் வந்த தலைமையிடம், இடையில் சில இடமாற்றங்களுக்குப் பின் அங்கேயே நிலைத்தது. எகிப்து, ஜாவா, சீனம், அபிசீனியா என இவர்கள் கடல் கடந்து சென்ற போர்க்களங்கள் பல. இன்றும் பெங்களூரில் இவர்களது குடியிருப்புப் பகுதி ஒன்று, 1843இல் சிந்துவில் நடந்த மியானிப் போரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பொறியாளனின் பணிக்கு ஓர் இயல்பு உண்டு. அது முடிந்தவுடன் மறைந்துவிடுகிறது. காலாட்படை பிடித்த குன்று வரைபடத்தில் இருக்கும். அக்குன்றுக்குச் செல்ல இரவோடிரவாக அகற்றப்பட்ட கண்ணிவெடி எங்கும் இராது. இதனால் இவர்களுக்குரிய அங்கீகாரம் எப்போதும் ஒரு சிக்கலாகவே இருந்துள்ளது. இந்தியப் பொறியாளர் படையின் குறிக்கோள் சொல் ‘சர்வத்ர’. எங்கும் இருப்பவர் என்பது பெருமையே. எனினும் எங்கும் இருப்பவரை ஓரிடத்தில் சுட்டிக் காட்டுதல் கடினம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொண்டது. 1885 முதல் 1893 வரை இந்தியத் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ், ‘போர்க்குடிகள்’ என்னும் கோட்பாட்டை வலியுறுத்தியவர். தென்னாட்டவர் போர்க்குணமற்றோர் என்பது அவர் கருத்து. அடுத்த நாற்பது ஆண்டுகளில் மதராஸ் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1928இல் எஞ்சிய பட்டாளமும் கலைக்கப்பட்டது. பயோனியர் பட்டாளங்கள் 1933இல் மறைந்தன. மதராஸ் காலாட்படை மீண்டும் எழுப்பப்பட்டது 1941இல்தான். இடைப்பட்ட காலத்தில் தென்னாட்டு வீரனுக்குப் படைமரபின் தொடர்ச்சியைக் காத்துத் தந்தது முதன்மையாகச் சாப்பர் படையே. அவர்தம் குலத்தைப் பற்றிய கோட்பாடு அவர்களைக் காப்பாற்றவில்லை. கைத்தொழில் தேர்ச்சி காப்பாற்றியது. பறையர், கிறித்தவர், முஸ்லிம், தெலுங்கர் எனப் பலரும் இடம்பெற்ற இப்படையில் ஒரே அழைப்புச்சொல் வேரூன்றியதை இப்பின்னணியில் வைத்தே காணவேண்டும். சாதிப்பெயர் இடம்பெறாத ஓர் அழைப்பு ஊரில் பலருக்குக் கிட்டாத ஒன்று.

முதல் உலகப் போரில் இவர்கள் மெசபடோமியாவில் பணியாற்றினர். அங்கு இறந்து, கல்லறை அறியப்படாதோருக்கு எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவகத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியப் படைப்பிரிவுகளின் தலைப்பின் கீழ் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. ஏனைய இந்திய வீரர்கள் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். சுபேதாருக்குப் பெயர் உண்டு, சாப்பருக்கு எண் உண்டு. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த வேற்றுமையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இதைப் பேரரசின் புறக்கணிப்பு என்று மட்டும் கூறி அமைதல் எளிது. தமிழகச் சிற்றூர்களில் இன்றும் காணப்படும் பெரும்போர்க் கல்வெட்டுகளும் இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று எண்ணிக்கையையே கூறுகின்றன. பிறந்த மண்ணிலும் கல்லில் பெயர் ஏறவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஒரு பெயர் ஏறிற்று. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவில் இருந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். தோழர் ஒருவரின் காலடியில் வெடி தூண்டப்பட, அது வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில் அவர் அதன்மேல் விழுந்து பிறரைக் காத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. இவ்விருது பகைவரை நேரில் எதிர்கொள்ளாத சூழலில் நிகழ்ந்த வீரச்செயலுக்கு உரியது. பொறியாளனின் பகைவன் பெரும்பாலும் முகம் காட்டுவதில்லை, மண்ணுக்குள் காத்திருக்கிறான். 1941இல் அபிசீனிய எல்லையில் நான்கு நாள்கள் தொடர்ந்து கண்ணிவெடிகளை அகற்றிய பகத்துக்கு விக்டோரியா கிராஸும், 1948 ஏப்ரலில் நௌஷேரா–ரஜோரி வழியைத் திறந்த ராணேக்குப் பரம வீர சக்கரமும் கிடைத்தன. இருவரும் பம்பாய் சாப்பர் படையினர். மூவர் செய்ததும் ஏறத்தாழ ஒரே தொழில். விருதின் பெயரை முடிவு செய்தது சூழல்.

எனினும் விருது நூறாயிரத்தில் ஒருவருக்கு. மற்றவருக்கு எஞ்சியது அந்த அழைப்புச்சொல். இதைச் சமத்துவத்தின் சின்னம் எனப் போற்றுவோர் உளர். அது முழு உண்மையன்று. தம்பி என்பவன் இளையவன், பணிய வேண்டியவன். ஆங்கில அதிகாரி நரைத்த சுபேதாரையும் அவ்வாறு அழைக்கும்போது அதில் அன்போடு மேலாண்மையும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். எல்லாரும் தம்பியாகிவிட்ட அமைப்பில் அண்ணனின் இடம் வேறெவருக்கோ ஒதுக்கப்பட்டிருந்தது. விடுதலைக்குப் பின் அந்த இடம் காலியாயிற்று. வட இந்தியாவில் பிறந்து இப்படையில் சேர்ந்த அதிகாரியும் தம்மைத் ‘தம்பி’ எனக் கூறிக்கொள்ளும் இன்றைய வழக்கில்தான் அச்சொல் தன் இறக்கத்தை இழந்தது. மேலிருந்து கீழே சென்ற அழைப்பு பக்கவாட்டில் செல்லத் தொடங்கியது.

ஓய்வுக்குப் பின் இச்சொல் இன்னொரு பெயரோடு போட்டியிட நேர்கிறது. ஊர் திரும்பியவர் ‘பட்டாளத்தார்’ ஆகிறார்; அவர் வீடு ‘சுபேதார் வீடு’, ‘மிலிட்டரிக்காரர் வீடு’ ஆகிறது. ஒடுக்கப்பட்ட குடியிலிருந்து சென்றவருக்கு இம்மாற்றம் சிறிதன்று. பதவிப்பெயர்மேல் இவர்கள் கொள்ளும் பற்றை வெறும் பகட்டாகக் காண்பது தவறு. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் அறிவிக்கப்படும் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவிகளை, பணி முடியும் தறுவாயிலுள்ள இளநிலை அதிகாரிகள் ஆவலோடு எதிர்நோக்குவர். கௌரவப் பதவி பெற்றவர் அதனைத் திருமண அழைப்பிதழிலும் கதவுப் பலகையிலும் விடாமல் எழுதுவார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வரிசையில் பெயருக்கு முன்பு படையெண்ணும் பதவியும் கேட்கப்படுவதும் அவர்களுக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. ஆனால் அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள மையத்தில் பழைய தோழர் கூடும்போது கேப்டனும் சுபேதாரும் கதவுப் பலகையிலேயே தங்கிவிடுகின்றனர். அங்கே எழுபது வயதினரும் தம்பியே.

பெங்களூர் பிரிகேட் சாலைச் சந்திப்பில் பெரும்போரில் இறந்த பயோனியர்களுக்கான நினைவுத்தூண் ஒன்று வாகனங்களுக்கிடையே நிற்கிறது. அப்பட்டாளங்களைத் தொடர்ந்து நினைக்கப் பணியிலிருப்போர் இல்லை. அவை கலைந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. சாப்பர்களின் பிறந்த நாள் ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் கொண்டாடப்படுகிறது.