ஐவர் விதியும் ஆய்வறிக்கையின் நம்பகமும்: இணையதளப் பயன்பாட்டு எளிமை ஆய்வின் வரலாறு (1985–2008)

முன்னுரை

இணையதளம் ஒன்றுக்கு வருவோர் தாம் தேடியதைத் தடையின்றி அடைகின்றனரா என்பதை அறிய, அவர்களையே அத்தளத்தில் சில பணிகளைச் செய்யச் சொல்லி உற்றுநோக்குவது பயன்பாட்டு எளிமை ஆய்வு எனப்படும். இதற்கு எத்தனை பயனர் தேவை என்னும் வினாவுக்கு ‘ஐவர் போதும்’ என்ற விடை இன்றும் பரவலாக வழங்குகிறது. அவ்விடை எவ்வாறு தோன்றியது, எவ்வகையில் மறுக்கப்பட்டது, ஆய்வு முடிவுகளை எழுதும் முறைக்கு அவ்வரலாறு எதைக் கற்பிக்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதியின் தோற்றம்

ஜான் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட கட்டுரை மூன்று கொள்கைகளை முன்வைத்தது. தொடக்கத்திலேயே பயனரையும் அவர்தம் பணிகளையும் கருத்திற் கொள்ளுதல், பயன்பாட்டை அளந்தறிதல், குறை கண்டு மீண்டும் மீண்டும் திருத்துதல் என்பன அவை. இவற்றை நடைமுறைப்படுத்தச் செலவு தடையாக நின்றது. எனவே 1989இல் ஜேக்கப் நீல்சன், குறைந்த செலவில் சிறிய அளவில் நிகழ்த்தும் சோதனைகளை வலியுறுத்தினார்.

நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் இதற்குக் கணித அடிப்படை வகுத்தனர். அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில், ஒரு குறையைப் பயனர் ஒருவர் வெளிப்படுத்தும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு. ஆகவே ஐவரிடமும் அக்குறை வெளிப்படாமற் போகும் வாய்ப்பு, 0.69இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 0.156. எஞ்சிய ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குறைகள் ஐவராலேயே வெளிப்பட்டுவிடும் என்பது இதன் முடிபு.

நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையால் இவ்விதி பரவலாக அறியப்பட்டது. எனினும் அக்கட்டுரை ஒரே சோதனையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவில்லை. பதினைவரை ஒருசேரச் சோதிப்பதினும், ஐவர் ஐவராக மூன்று முறை சோதித்து இடையிடையே திருத்துவதே சிறந்தது என்றது. தம்முள் வேறுபட்ட பயனர் பிரிவுகள் இருப்பின் ஒவ்வொன்றையும் தனித்துச் சோதிக்க வேண்டும் என்றும் கூறியது. விதியை மேற்கோள் காட்டுவோர் பலர் இவ்விரண்டு நிபந்தனைகளையும் விட்டுவிடுகின்றனர்.

மறுப்புகள்

ஜாரெட் ஸ்பூல், வில் ஷ்ரோடர் ஆகியோர் 2001இல் நான்கு வணிகத் தளங்களின் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் முதல் ஐவர் வெளிப்படுத்தியவை 35 விழுக்காட்டுக் குறைகளே. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பொருளைத் தேடி வெவ்வேறு வழிகளிற் சென்றமையால், ஒருவர் கண்ட தடையை மற்றவர் காணவில்லை. 31 விழுக்காடு என்பது மாறா எண் அன்று என்பது இதனால் தெளிவாகிறது. அவ்வாய்ப்பு 10 விழுக்காடாகக் குறையின், அதே சூத்திரப்படி ஐவரால் வெளிப்படுவன 41 விழுக்காடு மட்டுமே.

லாரா ஃபாக்னர் 2003இல் அறுபது பயனரின் தரவிலிருந்து ஐவர் ஐவராகத் தற்போக்கு மாதிரிகளை எடுத்து ஒப்பிட்டார். சில குழுக்கள் 99 விழுக்காட்டுக் குறைகளையும், சில 55 விழுக்காட்டை மட்டுமே வெளிப்படுத்தின. சராசரி சரியாக இருப்பினும், ஓர் ஆய்வாளர் கையில் கிடைக்கும் ஐவர் எத்தகையோர் என்பதற்கு உறுதியில்லை.

ஆய்வாளர் என்னும் மாறி

இவ்விவாதம் பயனர் எண்ணிக்கையையே மையப்படுத்தியது. ரோல்ஃப் மோலிச் தலைமையிலான ஒப்பீட்டு ஆய்வுகள் கவனத்தை ஆய்வாளர் பக்கம் திருப்பின. 1998இன் இறுதியில் ஒன்பது குழுக்கள் ஹாட்மெயில் தளத்தைத் தத்தம் முறைப்படி தனித்தனியே சோதித்தன. அவை சுட்டிய வெவ்வேறு குறைகள் 310. அவற்றுள் 232, அதாவது 75 விழுக்காடு, ஒரே ஒரு குழுவால் மட்டும் சுட்டப்பட்டவை. பதினேழு குழுக்கள் பங்கேற்று 2008இல் வெளியான மற்றோர் ஒப்பீட்டிலும், 340 குறைகளுள் 205 ஒரு குழுவுக்கு மட்டுமே உரியன. பணிகளின் தேர்வு, நோக்குவோரின் கவனம், எதனைக் குறையெனக் கொள்வது என்னும் வரையறை ஆகியன குழுவுக்குக் குழு வேறுபட்டமையை இம்முடிவுகளுக்குக் காரணமாகக் கொள்ளலாம்.

முடிவுகளை எழுதும் முறை

தொழில்துறைப் பொது அறிக்கை வடிவம் 2001இல் அமெரிக்கத் தரமாகவும், 2006இல் ஐ.எஸ்.ஓ. 25062 என்னும் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. பயனரின் இயல்பும் எண்ணிக்கையும், கொடுக்கப்பட்ட பணிகள், சூழல், செயன்முறை, அளவைகள் ஆகியவற்றைப் பதிவு செய்தல் இதன்படி இன்றியமையாதது. இஃது அளவீட்டுச் சோதனைக்கென வகுக்கப்பட்டதாயினும், குறை காணும் சோதனைக்கும் இப்பதிவு ஒழுங்கு பொருந்தும்.

ஐவருள் நால்வர் ஒரு பணியை முடித்ததை ‘80 விழுக்காட்டு வெற்றி’ என எழுதும் வழக்கம் உண்டு. துல்லிய ஈருறுப்பு முறையில் இதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி ஏறத்தாழ 28 முதல் 99 வரை விரிகிறது. ‘ஐவருள் நால்வர்’ என்று எழுதுவதே உண்மைக்கு நெருக்கமானது. தமிழ் மின்னூலகத் தளங்களை ஆராய்வோர்க்கும் இது பொருந்தும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டுவோரும் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுவோரும் தேடற்பெட்டியில் ஒரே வகை இடர்களைச் சந்திப்பர் எனக் கொள்ளுதற்கில்லை. இருதிறத்தாரையும் ஒரே எண்ணிக்கையில் அடக்கினால் அவ்வேறுபாடு அறிக்கையில் மறைந்துவிடும்.

முடிவுரை

ஐவர் விதி பிழையன்று. திருத்தம் தொடரும் பணியில் அது பயனுள்ள தொடக்கம். ஒரே சோதனையைக் கொண்டு ‘இத்தளம் எளிமையானது’ எனத் தீர்ப்பளிக்க அதனைச் சான்றாக்குவதே பிழை. யார், எப்பணியில், யாருடைய நோக்கில் என்பவற்றைச் சொல்லாத அறிக்கையைப் பிறர் சரிபார்க்கவோ மறுக்கவோ இயலாது. அவ்வாறு இயலாத முடிவு ஆய்வு முடிவாகாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவதாகும்.