கார்டு லைனும் கடைத்தெருவும்

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போக இரண்டு ரயில் பாதைகள். ஒன்று கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று வளைந்து போவது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போட்டது, மெயின் லைன். மற்றது உளுந்தூர்ப்பேட்டை, விருத்தாசலம், பெண்ணாடம், அரியலூர் வழியாகக் குறுக்கே போவது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1920களின் இறுதியில் போட்டது, கார்டு லைன். முதலாவது வில், இரண்டாவது நாண். நம் இலக்கிய சரித்திரங்கள் எல்லாம் வில்லின் வேலைப்பாட்டை வர்ணிப்பவை. நாணைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

தமிழ் நவீன இலக்கியத்தின் பெரும்பகுதி மெயின் லைனில் வந்தது என்றால் தவறாகாது. ந. பிச்சமூர்த்தி, கு.ப.ரா. இருவருக்கும் கும்பகோணம், மௌனிக்குச் சிதம்பரம், பின்னால் தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு எல்லோரும் அந்தத் தண்டவாளத்தின் அக்கம்பக்கத்தார்கள். அது நன்செய். வாய்க்காலும் வெற்றிலையும் சங்கீதமும் உள்ள பூமி. கார்டு லைன் ஓரம் புன்செய்: மல்லாட்டை (மற்றவர்களுக்கு வேர்க்கடலை), கம்பு, வரகு, முந்திரிக் கொல்லை, பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல், பழுப்பு நிலக்கரி. இங்கே நடந்தது இலக்கியமல்ல, அரசியல். புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர் சொ. விருத்தாசலம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரின் பெயர் அப்படி இலக்கியத்தின் வாசல்வரை போயிற்று. உள்ளே போகுமுன் கழற்றிவைக்கப்பட்டுவிட்டது.

இந்த ஊரில் வங்கிக் குமாஸ்தாவாக உட்கார்ந்திருப்பவனுக்கு சரித்திரம் கல்வெட்டாகத் தெரிவதில்லை. சிட்டையும் பேரேடுமாகத்தான் தெரிகிறது. ஊரின் அமைப்பே ஒரு கணக்கு. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில், சுற்றிலும் சன்னதி வீதி, பாலக்கரை. தள்ளி ரயில்வே ஜங்ஷன். இரண்டுக்கும் நடுவே நீண்டது கடைத்தெரு. கோயிலைச் சுற்றிய கடை பூவும் தேங்காயும் பாத்திரமும் விற்கும். திருவிழாவுக்குத் திருவிழா வருகிறவனை நம்பியது. ஸ்டேஷனை ஒட்டிய கடை, வண்டி மாறக் காத்திருப்பவனை நம்பியது. கார்டு லைனோடு கடலூரிலிருந்து ஒரு பாதையும், 1930களின் தொடக்கத்தில் சேலத்திலிருந்து ஒரு பாதையும் வந்து சேர்ந்தபின் நான்கு திக்கிலிருந்தும் வருகிறவன் இங்கே காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்கிறவன் டீ குடிப்பான், பேப்பர் படிப்பான், பக்கத்திலிருப்பவனிடம் விலைவாசி பேசுவான். கோயில் வாசலில் யார் எங்கே நிற்கலாம் என்பதற்குத் தலைமுறை தலைமுறையாக விதி இருந்தது. பிளாட்பாரத்தில் டிக்கெட்டுக்கு மட்டுமே வகுப்பு. சாதி ஒழிந்துவிடவில்லை, ஆனால் அதை மறந்தமாதிரி நிற்க ஓர் இடம் கிடைத்தது. கூட்டம் என்ற நவீன வஸ்து இந்த இடத்தில் உற்பத்தியானது.

ரயில் வந்த வேளை சரியில்லை. தென்னாற்காட்டு மல்லாட்டை அதற்குமுன்பே பாண்டிச்சேரி வழியாகக் கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிய பாதைகள் கொல்லையைத் துறைமுகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்த அதே சமயத்தில் 1929இன் உலக மந்தம் வந்தது. மல்லாட்டை விலை சரிந்தது. தான் பார்த்தே இராத ஊரில் விலை விழுந்தால் தன் வீட்டுத் தாலி அடகுக்குப் போகும் என்பதைப் புன்செய்க் குடியானவன் அப்போது கற்றுக்கொண்டான். சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் 1933இலும், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் ராஜாஜி ஆட்சியில் 1938இலும் வந்தன. முதல் சட்டத்தின் வாரிசுதான் இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். விவசாயி வாயில் வெறும் ‘கமிட்டி’. தராசு சரியா, கழிவு எவ்வளவு, பணம் எப்போது என்ற மூன்று கேள்விகளுக்குச் சர்க்கார் பொறுப்பேற்ற இடம் அது. இந்த வட்டாரத்தில் ஜனநாயகம் என்பது அரசியல் சாசனத்துக்கு முன்பே தராசு வடிவில் வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தவற்றை ஸ்டேஷன் ஸ்டேஷனாகவே சொல்லலாம். 1952 தேர்தலில், தென்னாற்காட்டை ஆதாரமாகக்கொண்டு எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியார் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி சட்டசபையில் 19 இடங்களைப் பிடித்தது. புன்செய்க் குடியானவன் எண்ணிக்கையாகத் தலைகாட்டியது அப்போதுதான். 1954இல் அவர் காமராஜ் மந்திரிசபையில் சேர்ந்தார். இதற்கிடையே 1953 ஜூலை 15 அன்று இதே பாதையில் தெற்கே கள்ளக்குடி: டால்மியாபுரம் என்ற பெயர்ப்பலகையை எதிர்த்து மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். துணைமந்திரி ஓ.வி. அளகேசனை 1957 தேர்தலில் தி.மு.க. மேடைகள் அரியலூரை வைத்தே அடித்தன, அவர் தோற்றார். தி.மு.க. போட்டியிட்ட முதல் தேர்தல் அது. சட்டசபையில் அதற்குக் கிடைத்தது 15 இடம்.

தலைவர்கள் யாரும் கார்டு லைனில் பிறந்தவர்கள் அல்ல, கருணாநிதியே டெல்டாக்காரர். நான் சொல்வது தலைவர்களை அல்ல, சம்பவங்களின் பூகோளத்தை. பெயர்ப்பலகை, தண்டவாளம், பாலம் என்று ரயில்வேயின் உறுப்புகளே அரசியலின் சொற்களாயின. தில்லி என்ற ஒன்றை இந்த ஊர்கள் நேரில் கண்டது ஸ்டேஷன் கட்டடத்தில்தான். அதனால் தில்லியோடு பேச நினைத்தவன் ஸ்டேஷனுக்குப் போனான்.

அதே காலத்தில் கடைத்தெருவில் இன்னொரு பேச்சு நடந்தது. 1957 ஏப்ரலில் அணா போய் நயாபைசா வந்தது. 1956இன் சட்டப்படி வீசையும் படியும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தன. ஆனால் 1967இல் தி.மு.க. ஜெயித்தபோது ஊர் ஊராகப் போன வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது. சட்டம் கிலோவில் பேசிற்று. கட்சி படியில் பேசிற்று. மளிகைக்கடையில் நிற்கும் பெண்ணின் கையில் என்ன அளவை இருந்ததோ அதில் பேசியவன் ஜெயித்தான். நம் விமர்சகர்கள் மேடைத் தமிழை அடுக்குமொழி என்று ஒதுக்கினார்கள். அலங்காரத்தைப் பொறுத்தவரை அது நியாயம். ஆனால் அந்த அலங்காரத்தினுள் ஒரு படி அரிசி இருந்தது. அதை அளந்து பார்க்க நமக்குப் பாத்திரம் இல்லாமல் போயிற்று.

பிறகு கடை ஸ்டேஷனை விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நகர்ந்தது, அரசியலும் நகர்ந்தது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறித்தது சாலைகளை. 21 உயிர்கள் போயின. 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது. 2006இல் பா.ம.க.வின் கோட்டை எனப்பட்ட விருத்தாசலம், முந்தைய ஆண்டு கட்சி தொடங்கிய விஜயகாந்தை ஜெயிக்கவைத்தது. மாநிலம் முழுவதிலும் அக்கட்சிக்கு அந்த ஓரிடம்தான். இதைச் சினிமா மோகம் என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். ஒரே கடையில் நெடுநாள் கணக்கு வைத்தவன் எதிர்க்கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிப்பார்த்தான் என்றும் சொல்லலாம். ஊர் செய்யும் பீங்கானுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. இங்கே செய்யப்பட்ட ப்யூஸ் கேரியர் எத்தனையோ வீட்டு மெயின் போர்டுகளில் இருந்திருக்கிறது. ஊரின் பெயரைப் பார்த்து அதை வாங்கியவர் யாருமில்லை. அரசின் டாசல் ஆலை மூடப்பட்டபோது அந்த வீடுகளில் விளக்கு அணையவில்லை.

ஊரின் ஸ்தலபுராணமே பணத்தைப் பற்றியது. சுந்தரர் இங்கே பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். போடுமுன் ஒரு துண்டு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருக்கிறது என்று உரைத்துக் கண்டு, பாடி, முழு மாற்றோடு வாங்கினார். நகைக்கடன் கவுண்ட்டரில் உரைகல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை பக்தியைவிட விமர்சனத்தைப் பற்றியது என்றே படுகிறது. இந்தப் பூமியில் போட்டது அந்தப் பூமியில் எடுக்கப்படும்போது மாற்றுக் குறைகிறது. மச்சம் வைத்திருப்பவனால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

கார்டு லைன்காரர்கள் மச்சத்தோடு இலக்கியத்துக்கு வந்தது தாமதமாகத்தான். பழமலய்யின் ‘சனங்களின் கதை’ 1988. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994. கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’ 1999. குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தொழிலாளியாக இருந்தவர். பின்னால் நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே செய்தார். இவர்களைப் படித்தபோது சிலர் கொச்சை என்றார்கள், சிலர் ஆவணம் என்றார்கள். இரண்டும் மெயின் லைன் தராசில் வைத்த எடை. கூலியாகக் கிடைத்த தானியம் எவ்வளவு, கடனாக வாங்கியது எவ்வளவு, மிச்சம் என்ன என்பது இந்த எழுத்தில் விவரணை அல்ல. பாத்திரங்களின் மனசே அந்தக் கணக்கால் ஆனது. அகம் என்பது கடைத்தெருவுக்கு வெளியே இருக்கிறது என்று நினைத்துப் பழகிய நமது நவீனத்துவத்துக்கு இது ஒரு கேள்வி. அதற்கு நாம் இன்னும் பதில் எழுதவில்லை. இமையத்துக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கித்தந்த நாவலின் பெயர் ‘செல்லாத பணம்’. வங்கியில் அந்த மாதிரி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விமர்சனத்தில் அவ்வளவு சுலபமாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. எந்தக் கடையில், எப்போதிருந்து, யாருக்குச் செல்லவில்லை என்று கேட்டாக வேண்டும்.